கல் வளைவின் கீழே சேக் மைதீன்

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் சேக் மைதீன் முதலில் உள்ளங்கையால் சுவரை ஓங்கித் தட்டுவார். பிறகு தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார். ஏன் என்று கேட்டால், "மாடு வாங்குறவன் தட்டிப் பாக்காமலா ஓட்டிட்டுப் போறான்?" என்பார். வெற்றிலை, கயிறு எல்லாம் அதற்கப்புறம்தான்.

மதுரை சிம்மக்கல்லில் சந்துக்குள் வீடு. சாரம் கட்டுவது தொழில். பள்ளிவாசல் மினாராவோ, கோயில் கோபுரமோ, சவுக்குக் கம்பை நட்டுக் கட்டியதும் முதல் ஆளாக அவரே ஏறிப் பார்ப்பார். தரையில் நடந்தால் முழங்கால் வலிக்கும். கம்பில் ஏறினால் வலிக்காது. "தரைதான் மாப்ள எனக்கு ஆகல" என்பார். கொத்தனார், போதகர், டீக்கடைக்காரர், எல்லாரும் அவருக்கு மாப்ளதான்.

கொட்டாம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி, கருவேலம்பட்டி வயல்களுக்கு நடுவே நிற்கும் கல்கோயிலுக்கு அவரைக் கூட்டிப்போனவர் கொத்தனார் தங்கப்பாண்டி. அங்கும் மைதீன் சுவரைத் தட்டினார். சத்தமே இல்லை. கை வலித்ததுதான் மிச்சம். அண்ணாந்து பார்த்தவர் வாயிலிருந்த வெற்றிலையை மெல்ல மறந்தார்.

வெள்ளைக்காரர் காலத்தில், ஒரு பஞ்சம் முடிந்த கையோடு ஆங்கிலிக்கன் சபையார் எழுப்பிய ஆலயம் அது. இன்று சி.எஸ்.ஐ. சபையின் கையில் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம். உள்ளே நுனி கூர்ந்த கருங்கல் வளைவுகள், கவிழ்த்துவைத்த படகின் வயிறு மாதிரி தேக்குக் கூரை. கப்பலில் வந்த கண்ணாடி வழியே நீலமும் சிவப்பும் தரையில் கிடந்தன. கட்டியவர்கள் உள்ளூர்க் கல்தச்சர்கள். அப்படியொரு கட்டடத்தைக் கண்ணால் கண்டிராதவர்கள், தாளில் வந்த படத்தைப் பார்த்தே தூக்கி நிறுத்தியிருந்தார்கள். தூண் தலையில் பூ செதுக்க வேண்டிய இடம் வந்ததும் தாமரை மொட்டைச் செதுக்கிவிட்டார்கள். மைதீன் அதைத் தடவிப் பார்த்து, "நம்மாளுக கை மாப்ள இது" என்றார். குரல் தணிந்திருந்தது.

பலிபீடத்துக்கு முன்னால் உள்ள பெரிய வளைவில்தான் கோளாறு. அரசவேர் புகுந்து உச்சிக்கற்களை நெட்டித் தள்ள, ஐப்பசி மழையில் ஒரு கல் இறங்கிவிட்டது. ஆராதனை புளியமரத்தடிக்குப் போயிற்று. சரிசெய்ய முடியாவிட்டால் இடித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டுக்கொள்ளலாம் என்று சபையில் பேச்சு கிளம்பியிருந்தது. மைதீன் மரச்சட்டமும் முட்டும் கொடுத்து வளைவைத் தாங்கிப் பிடித்தார். தங்கப்பாண்டி வேரை எடுத்து, கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் திரும்பக் கோத்தார். சாந்து இறுக வாரக்கணக்கில் விட்டுவைத்தார்கள். சபையைச் சேர்ந்த செல்லத்தாய் மட்டும் தினமும் வாசலில் வந்து நிற்பார்.

"என் கல்யாணம், எம்மகன் ஞானஸ்நானம், அம்புட்டும் இதுக்குக் கீழதாண்ணே. நிக்குமா?"

"நான் எப்பிடித் தாயி சொல்ல? அதுல்ல சொல்லணும்."

முட்டுகளைப் பிரிக்கும் நாள் வந்தது. சட்டத்துக்கு அடியில் இறுக்கியிருந்த ஆப்புகளை இருபுறமும் ஒரே சமயத்தில், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வளைவு மொத்தமும் தலையில் இறங்கும். மனைவி அஜ்மல் பீவி போனில், "அடியில நிக்காதீங்க, சொல்லிட்டேன்" என்றாள். "சரி புள்ள" என்று சொல்லிவிட்டு மைதீன் நேராக அடியில் போய் நின்றார். எதிர்ப்பக்கம் தங்கப்பாண்டி. போதகர் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு வாசற்படியில் மண்டியிட்டார்.

"தட்டு மாப்ள... போதும். நிறுத்து. இப்ப தட்டு."

மேலே ஏதோ முறிந்ததுபோல் ஒரு சத்தம். சுண்ணாம்புத் தூள் இருவர் தலையிலும் கொட்டியது. தங்கப்பாண்டி சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினார். மைதீன் நின்ற இடத்திலேயே நின்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டு கலிமா சொன்னார். தலையில் கல் எதுவும் விழவில்லை.

கண்ணைத் திறந்தபோது, கல்லுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் நூல் கனத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. சட்டம்தான் இறங்கியிருந்தது. வளைவு இருந்த இடத்தில் இருந்தது. ஒரு கல் அடுத்த கல்லை அழுத்த, அது அதற்கடுத்ததை அழுத்த, அவ்வளவு பாரமும் இரண்டு பக்கமாகப் பிரிந்து மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"மாப்ள..." என்றார். "கீழ ஒண்ணுமில்ல மாப்ள. ஒண்ணுமே இல்லாம நிக்குது!"

முதலில் உள்ளே ஓடிவந்தது செல்லத்தாய். அண்ணாந்து பார்த்தவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு ஊரே வந்தது. யாரோ பாட்டெடுத்தார்கள். போதகர் மைதீனைத் தேடினார்.

அவர் வளைவுக்கு நேர்கீழே, தலையெல்லாம் சுண்ணாம்போடு, துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து மல்லாந்து படுத்திருந்தார். ஓடிப்போன வெட்கத்தோடு தங்கப்பாண்டி பக்கத்தில் வந்து நின்று, "டீ வந்திருச்சுண்ணே" என்றார். மைதீன் மேலேயிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் படுத்து அவருக்கு இடம் விட்டார்.