கம்பி எழுதிக் கொடுத்த நேரம்

எனக்குக் கல்யாணம் பேசி முடித்த அன்றுதான் அந்தப் பெயரை முதலில் கேட்டேன். மாமியாராக வரப்போகிறவர் என் அம்மாவிடம், "மூத்தவன் சாது. சின்னவன் இருக்கானே கம்பி, அவன்தான் கொஞ்சம் ஒரு மாதிரி" என்றார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பிறகுதான் விஷயம் தெரிந்தது. துணி காயப்போடும் கம்பியை அவிழ்த்து மொட்டை மாடியில் குறுக்கே கட்டி, வெளிநாட்டு ஆட்கள் பேசுவதை ரேடியோவில் கேட்பானாம். அப்போது அவனுக்குப் பதினாறு வயது.

வளர்ந்து லிஃப்ட் மெக்கானிக் ஆனான். தனியாகப் பரீட்சை எழுதி, ரேடியோவில் திருப்பிப் பேசுவதற்கும் லைசென்ஸ் வாங்கினான். அவனுக்குக் கட்டியது என் பெரியம்மா மகளுடைய நாத்தனாரை. நான் சொல்லித்தான் எடுத்தார்கள் என்பதால், அவள் அவனைத் திட்டும் திட்டில் பாதி எனக்கும் வரும்.

சனிக்கிழமை ஆனால் போதும், மூட்டை கட்டிவிடுவான். கூடாரம், சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு ரேடியோ, ஒரு பேட்டரி, மரம் இல்லாத இடத்தில் கம்பியைத் தூக்கி நிறுத்த ஒரு தூண்டில் கழி, ஒரு சுருள் கம்பி. மலையில் நல்ல மரமாகப் பார்த்து, பழைய காலுறைக்குள் கல்லைப் போட்டுக் கிளைக்கு மேலே வீசி, கம்பியை ஏற்றுவான். வீட்டில் ஒரு ஜோடி காலுறை முழுசாக இருக்காது.

அவனுக்கு ஒரே கூட்டாளி மருந்துக்கடைக்காரர். அவரும் லைசென்ஸ்காரர். இவன் ஒரு மலையில் ஏறுவான், அவர் அடுத்த மலையில் ஏறுவார். பகலெல்லாம் உலகத்தோடு பேசிவிட்டு, சாயங்காலம் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள்.

"அவர் கடை ரெண்டு தெரு தள்ளி இருக்கு" என்பாள் என் ஓர்ப்படி. "அவர்கிட்ட நல்லா இருக்கீங்களான்னு கேக்க மலை ஏறுறார் உங்க கொழுந்தன். அவரும் மலை ஏறித்தான் நல்லா இருக்கேன்னு சொல்றார். கேளுங்கக்கா இந்தக் கூத்தை."

"கடையில ஆள் நிப்பாங்க, பேச முடியாது" என்பான் அவன், நியாயம் சொல்வதுபோல.

ஒன்பது வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை, பேசும் நேரத்துக்கு முன்னாலேயே மருந்துக்கடைக்காரர் ரேடியோவில் கூப்பிட்டார். பாறையில் சறுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது, ஓடையை ஒட்டி மெல்ல இறங்குகிறேன், பேட்டரி தீரப்போகிறது என்றார். அதோடு சத்தம் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் போன் எடுக்காது. கம்பி வழக்கப்படி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, கூடாரத்தை அப்படியே போட்டுவிட்டு இறங்கி ஓடினான். வனக்காவலர் அறைக்கு வந்தபோது மணி ஆறு. அந்தத் தாளைக் கிழித்துக் காவலர் கையில் கொடுத்து, "எல்லாம் இதுல இருக்கு, நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு வர்றேன்" என்று டவுன் பக்கம் ஓடினான்.

அந்தத் தாளில் நேரம் பத்து இருபது என்று இருந்தது.

ரேடியோக்காரர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் நோட்டில் ஒரே கடிகார நேரத்தைத்தான் எழுதுவார்களாம், உலகத்துக்கெல்லாம் பொதுவாக. அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அவர் கூப்பிட்டது சாயங்காலம் மூன்று ஐம்பதுக்கு. முப்பது வருடப் பழக்கம், கை தானாக எழுதிவிட்டது. காவலர் பாவம், தாளைப் பார்த்தார், கணக்குப் போட்டார். காலை பத்து இருபதுக்கு இறங்க ஆரம்பித்தவர் நொண்டி நடந்தாலும் இதற்குள் அடிவாரத்துக்கு வந்திருப்பார் என்று ஆட்களைக் கீழே தேட அனுப்பினார். இவன் திரும்பி வருவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். மருந்துக்கடைக்காரர் மேலே, பாதி வழிகூட வராமல், இரண்டு பாறைக்கு நடுவே கால் மாட்டிக் கிடந்தார். மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் கண்டார்கள். உயிர் இருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. முதல் நாளே கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் அவர் மனைவியிடம் சொன்னார்.

ஊரெல்லாம் கம்பியைப் புகழ்ந்தது. ரேடியோவால் ஓர் உயிரைக் காப்பாற்றினான் என்று பேப்பரில் படம் போட்டார்கள். படத்தில் அவன் முகம் திருடன் மாதிரி இருந்தது. பத்து நாள் கழித்து என் வீட்டுக்கு வந்து, அடுப்படி வாசலில் நின்றான்.

"அண்ணி, அந்தக் காவலர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். நேரத்தைப் பாத்துத்தான் கீழ தேடினோம்னார். அவருக்கு விவரம் புரியலை. எனக்குப் புரிஞ்சுது."

முழுசாகச் சொல்லி முடித்தான். நான் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப விடு தம்பி. போன கால் திரும்ப முளைக்கப் போறதில்ல. நீ சொல்லி அவங்க வயித்தெரிச்சலைக் கிளறுவானேன்."

நான் அப்படித்தான் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வாய் கசக்கிறது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான்.

அங்கே நடந்ததை அவனே பிறகு சொன்னான். தாளைப் பார்த்ததுமே மருந்துக்கடைக்காரருக்கு விளங்கிவிட்டதாம். "நானா இருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்யா. இதை வெச்சுக்கிட்டா பத்து நாளாத் தூங்கலை?" என்று சிரிக்கப் பார்த்தாராம். அவர் மனைவி சிரிக்கவில்லை. இவனை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"அவர் மன்னிச்சிட்டார். அது அவர் குணம். என்னால முடியலை, நடிக்கவும் தெரியலை."

"சரிம்மா."

"நீங்க கூப்பிட்டா அவர் ஒத்தைக் காலோடயும் மலை ஏறுவார். அந்தப் பெட்டியில இனிமே அவர்கூடப் பேசாதீங்க. அவர் கூப்பிட்டாலும் பேசாதீங்க. வேற எதுவும் நான் கேக்கலை."

இவன் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

மருந்துக்கடைக்காரர் செயற்கைக் கால் போட்டுக்கொண்டு கடைக்கு வர ஆரம்பித்தார். அவர் வீட்டு மாடியில் ரேடியோக் கம்பி ஏறியது. சனிக்கிழமை சாயங்காலம் இவனுடைய லைசென்ஸ் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார். ஒரு நாள் நான் கம்பியின் வீட்டில் இருந்தேன். "கேக்குதா, கேக்குதா" என்று அந்தக் குரல் இரைச்சலுக்குள் வந்து வந்து போனது. இவன் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

என் ஓர்ப்படிக்கே பொறுக்கவில்லை. "ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்களேன். அந்த அம்மா வந்து பாக்கவா போறாங்க?" என்றாள். மலை ஏறாதே என்று இருபது வருடம் திட்டியவள்.

"அந்த அம்மாகிட்ட சரின்னு சொல்லிட்டேன்ல" என்றான். அவ்வளவுதான்.

கடை வாசலில் பார்த்தால் இரண்டு பேரும் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். இவன் மாத்திரை வாங்குவான், அவர் சில்லறை கொடுப்பார். பின்னால் ஆள் நிற்பார்கள். மூன்று வருடம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவரும் நிறுத்திக்கொண்டார். அதன்பிறகு அவன் ரேடியோவைத் திறக்கவே இல்லை.

கம்பிக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, என் ஓர்ப்படியோடு ஒரு மூன்றாவது மாடி வீட்டில் இருக்கிறான்.