நொட்டாங்கை முடிச்சு

பீரங்கிக் குண்டுப் பெட்டிகளுக்குக் கயிற்றுப் பிடி போடுவதுதான் அவள் வேலை. போர்முனையிலிருந்து காலிப் பெட்டிகள் லாரியில் திரும்பி வரும். நைந்த கயிற்றை வெட்டிவிட்டு, புதுக்கயிறு கோத்து, அடுத்த கொட்டகைக்குத் தள்ளிவிடுவாள். அங்கே குண்டு அடுக்கி மறுபடி அனுப்புவார்கள். சண்டை மூன்றே மாதத்தில் முடிந்துவிடும் என்று சொன்னவர்கள் வாயில் சர்க்கரை போட ஊரே காத்திருந்தது. சர்க்கரைதான் தீர்ந்துபோனது.

அவள் புருஷன் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிறவன். இடது கைக்காரன் என்பதால் எல்லோருக்கும் அவன் 'நொட்டாங்கை'. அவன் முடிச்சு எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கும். அவிழ்க்கப் போனவர்கள் அவனைத் திட்டித் தீர்ப்பார்கள். அவனைப் பிடித்துப் பீரங்கிப் படையில் போட்டார்கள். அங்கே போன் கூடாது. கடிதம் வந்து சேர்வதற்குள் எழுதினவனுக்கே விஷயம் மறந்துவிடும். அதனால் புறப்படும்போதே சொல்லிவிட்டுப் போனான்:

"காலிப் பெட்டி உன் கைக்குத்தானே வரும்? கயித்துல என் முடிச்சு இருந்தா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். அம்மாகிட்டயும் சொல்லிடு."

சொன்னபடியே முடிச்சுகள் வந்தன. அவள் அவற்றை வெட்டி எடுத்துப்போய் மாமியாரிடம் கொடுப்பாள். அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்து, தன் பிள்ளை போட்டதுதான் என்று தலையாட்டி, பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிடுவாள்.

இரண்டாம் வருஷம் குண்டுக்குத் தட்டுப்பாடு வந்தது. கிடங்குகளில் மலையாகக் குவித்து வைத்திருக்கிறோம் என்று மார்தட்டினார்களே, அதெல்லாம் எங்கே போயிற்றோ. எங்கோ பூட்டிக் கிடந்த பழைய கிடங்கைத் திறந்து, அவள் பிறப்பதற்கு முன் செய்த குண்டுகளைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெட்டிகளின் கயிறு தொட்டதுமே உதிர்ந்தது. உள்ளே இருப்பது எந்த லட்சணத்தில் இருக்கும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பிறகு அதுவும் தீர்ந்தது.

சுட்டால்தானே பெட்டி காலியாகும்? லாரி வருவது நின்றுபோனது. சண்டை என்றாலே வயிறு எரிகிறவள், பீரங்கி சுடட்டும் என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தாள். அந்தக் குண்டு யார் வீட்டில் போய் விழும் என்று நினைத்தால் சாப்பாடு இறங்காது. ஆனாலும் வேண்டினாள். நம்மவர்கள் எண்ணி எண்ணிச் சுடுகிறார்கள், அந்தப் பக்கத்துக்காரர்கள் ஓயாமல் சுடுகிறார்கள் என்று மேஸ்திரி ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். சொன்ன பிறகுதான் அவள் நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வெகுநாள் கழித்து ஒரு மத்தியானம் லாரி வந்தது. கொஞ்சம் பெட்டிகள்தான். ஒன்றில் முடிச்சு இருந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கத்தியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முடிச்சு அவன் போடுகிற அதே தினுசுதான், ஆனால் வலது கைக்காரர் போட்டது போல வலப்பக்கம் சுற்றியிருந்தது. மற்ற பெட்டிகளையும் புரட்டினாள். எல்லாமே அப்படித்தான்.

டிரைவரிடம் ஓடிப்போய் அந்தப் பீரங்கி ஆட்களைப் பற்றிக் கேட்டாள். அவர் லாரி டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அந்தப் பக்கத்துக்காரன் அடிச்ச அன்னிக்குத் திருப்பிச் சுட ஒரு குண்டுகூட இல்லையாம்மா. ஒருத்தன்தான் மிச்சம். 'எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ முடிச்சுப் போட்டு அனுப்பு, வீட்ல பாத்துட்டே இருப்பாங்க'ன்னு கூட இருந்த நொட்டாங்கைக்காரன் அவன்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருந்தானாம். அதான் மிச்சம் இருக்கிறவன் போட்டுட்டு இருக்கான்."

முகம் தெரியாத அந்த மனுஷன்மேல் கோபப்படக்கூட அவளால் முடியவில்லை. பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்தபோதுதான் வீட்டு நினைப்பு வந்தது. இந்த முடிச்சைத் தடவினால் அத்தைக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிடும். அந்த வயிற்றில் இன்றைக்கே இடியை இறக்க வேண்டுமா? முடிச்சை அவிழ்த்தாள். இடது கையால் போட்டுப் பார்த்தாள். நழுவியது. மறுபடி போட்டாள். எத்தனை நாள் அவனை இதற்காகக் கேலி செய்திருக்கிறாள்.

சாயங்காலம் அத்தை வாசலிலேயே கை நீட்டினாள். முடிச்சை வாங்கி வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவன் போட்டதுதான்," என்றாள் அத்தை. "ஆனா இறுக்கமே இல்லையேம்மா. சரியா சாப்பிடுறதில்ல போல. உடம்புல தெம்பே இல்ல என் புள்ளைக்கு."

பிறகு டப்பாவைத் திறந்து அதையும் உள்ளே போட்டுவிட்டு, பசிக்கிறது என்றாள்.