காலை ரத்தமும் ஐஸ் பெட்டியும்

ஊசியும் பஞ்சுமாக வீடு வீடாக அலைகிற நம்மைப் பார்த்து எந்த வீட்டிலும் முகம் மலர்வதில்லை, உங்களுக்கும் தெரியும். எனக்குச் செகந்திராபாத்தில் லேப் வேலை. அதிலும் ஏசிடிஹெச் டெஸ்ட் என்றால் ஐஸ் பெட்டியையும் சுமக்க வேண்டும்.

பெட்டிக்குள் என்ன?

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் உத்தரவுதான் ஏசிடிஹெச். அது வந்தால்தான் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல், கார்ட்டிசோலைச் சுரக்கும். கார்ட்டிசோல் இல்லையென்றால் எழுந்து நிற்கவே தெம்பிருக்காது. இந்த ஏசிடிஹெச் சூடு தாங்காது. காலையில் ரத்தம் எடுத்து ஐஸில் வைத்து லேப்புக்கு ஓட வேண்டும். லாலாகுடா குவார்ட்டர்ஸில் சேவியர் அண்ணன் வீட்டில் முதல்முறை பெட்டியை இறக்கியதும் அவர் மனைவி ரீட்டா அக்கா சட்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். "வெறும் ஐஸா? மீனுன்னுல்ல நெனச்சேன்."

தேறிய உடம்பு

அண்ணன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். முட்டிவலிக்கு யாரோ கொடுத்த மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியிருக்கிறார். அது ஸ்டீராய்டு, கார்ட்டிசோலின் வேலையை வெளியிலிருந்து செய்யும் மருந்து. கன்னம் உப்பியதைப் பார்த்து, ஆள் தேறிவிட்டார் என்று எல்லோரும் சொல்ல, சட்டென்று மாத்திரையை நிறுத்தினார். சில நாளில் வேலையிடத்திலேயே சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் பிழைக்கவைத்து அனுப்பினார்கள். நான் எடுத்த ரத்தத்தில் ஏசிடிஹெச் இருந்த இடமே தெரியவில்லை. டாக்டர் நெடுநேரம் விளக்கியதை அக்கா எனக்குச் சுருக்கிச் சொன்னார்: "தெனம் ஓட்டல் சோறு வந்தா வீட்டு அடுப்பை எவ பத்தவைப்பா?"

கேட்கக் கூடாத கேள்வி

டாக்டர் வேறு மாத்திரை கொடுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். சுரப்பி விழிக்காவிட்டால் ஆயுளுக்கும் மாத்திரைதான். பழைய வேலை கிடைப்பதும் சந்தேகம். ஒவ்வொரு முறையும் ரிசல்ட் ஏமாற்றியது. எனக்கே அந்த வீட்டுப் படியேறக் கால் கூசியது. ஒருநாள் அண்ணன் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "அது முழிக்கவே இல்லேன்னா, என்னைய ஒர்க்‌ஷாப்புக்குள்ள விடுவாங்களா தங்கச்சி?"

நிற்காத மனுஷன்

போன மாதம் ஏசிடிஹெச், கார்ட்டிசோல் இரண்டுமே சரியாக வந்தன. லேப்பில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இனி மாத்திரை வேண்டாம், காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் மட்டும் உடனே வா என்று டாக்டர் அனுப்பிவிட்டார். மறுநாள் அதே தெருவில் வேறொரு வீட்டுக்குப் போனவள் அண்ணன் வீட்டையும் எட்டிப் பார்த்தேன். அண்ணன் சைக்கிளில் தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தார். கையில் டீயோடு அக்கா வாசலில் நின்றார். "இத்தனை நாளா எந்திரி எந்திரின்னு கெஞ்சினேன். இன்னிக்கு ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போய்யான்னா, நக்கோ, வேணாம்னுட்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுறார்."

அந்த டீ எனக்குத்தான் கிடைத்தது. குத்திக் குத்தியே நான் சம்பாதித்த மரியாதை அது.