விளக்கு அறை ஜன்னலில் விமானச் சத்தம்

வானத்தில் போன விமானத்துக்காக நான் சுரங்கத்து மீட்புப் படையைக் கூப்பிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

கோலார் தங்கவயலில் விளக்கு அறை வேலை என்றால், சுரங்கத்துக்குள் இறங்குகிறவனுக்கு அவன் நம்பர் போட்ட விளக்கைக் கொடுப்பது, ஏறி வந்ததும் வாங்கி ஆணியில் மாட்டுவது. ஆணி காலியாக இருந்தால் ஆள் பூமிக்குள் இருக்கிறான். அதனால் உள்ளே பாறை வெடித்தால் ஊர் முதலில் ஓடிவருவது என் ஜன்னலுக்கு. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கினவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் சத்தம்

அறுபதுகளில் ஒரு நாள். காலை ஷிப்டு இறங்கி இரண்டு மணி நேரம் இருக்கும். டமார் என்றது. தகரக் கூரை அதிர்ந்தது. விளக்குகள் ஒன்றோடொன்று மோதின. அப்படி ஒரு வெடிப்பை நான் கேட்டதில்லை. போனை எடுத்து மீட்புப் படையை வரச்சொன்னேன். அவர்கள் மூச்சுக் கருவியை மாட்டுவதற்குள் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தி கையில் மாவு. ஒருத்தி காலில் செருப்பில்லை. யாரும் புருஷன் பேரைச் சொல்லவில்லை, விளக்கு நம்பரைச் சொன்னார்கள்.

பூமிக்குள் ஆழத்துக்கு ஒன்றாக இருக்கிற ஒவ்வொரு லெவலுக்கும் போன் போட்டேன். எல்லா லெவலிலும் எடுத்தார்கள். கடைசியில் மேஸ்திரி கோவிந்தசாமி. அங்கே எதுவும் கேட்கவில்லை என்றார். பிறகு சந்தேகம் வந்து அவரே கேட்டார்: "நாங்க எல்லாம் நல்லா கீறோம்பா. மேல நீங்க கீறீங்களா?"

விமானம் கட்டினவன்

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வராஜ் வந்தான். எங்கள் லைனில் பிறந்தவன். பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டர். விஷயத்தை அவன்தான் சொன்னான். புது ஜெட் சண்டை விமானம். நம் நாட்டிலேயே கட்டினது. எஞ்சின் மட்டும் சீமைச் சரக்கு என்று ஒப்புக்கொண்டான். சோதனைக்கு உயரே ஏறிக் கீழே பாயும்போது தன் சத்தத்தையே முந்திவிடுமாம். முந்தும்போது எழுகிற வெடிதான் நம் கூரைக்கு வருகிறது. தான் ரிவெட் ஆணி அடித்த இடங்களை விரலால் காற்றில் குத்திக் காட்டினான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. 

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் பெண்கள் அவனை வளைத்துக்கொண்டார்கள். அங்கேயும் வேகத்தையே விளக்கினானாம். கீரைக் கட்டோடு நின்ற ஒருத்தி முடிவு சொன்னாள்: "சத்தத்தவிட வேகமா போவட்டும் தம்பி, நான் வேணாங்கல. எங்க ஆளுங்க மேல ஏறி வந்தப்புறம் போவச் சொல்லு."

பழகிப்போனது

விமானம் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அடிக்கடி வந்தது. பெண்கள் ஓடிவருவதை நிறுத்தினார்கள். நான் போனைத் தொடுவதை நிறுத்தினேன். முதல் தப்பைவிட இது பெரிய தப்பு.

ஒரு நாள் பகலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டமார். விமானம்தானே என்று டீயை முடித்தேன். ஜன்னலில் ஒரே ஒருத்தி வந்து நின்றாள். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கட்டுகிற ராஜுவின் மனைவி. விமானம் இல்லை, பாறை என்றாள். வீட்டுக்குப் போ என்று கத்தினேன். நகரவில்லை. குழாயடியில் குடம் வைத்திருந்தாளாம். விமானம் என்றால் கூரைத் தகரம் ஆடும், குடத்துத் தண்ணீர் சும்மா இருக்கும். இன்றைக்குத் தண்ணீர்தான் ஆடியது, தகரம் ஆடவில்லை என்றாள். உன் புருஷன் விளக்கு நம்பரைச் சொல்லித் தொலை என்றேன்.

"எங்க வூட்டுக்காரரு நைட் ஷிப்டுண்ணா, வூட்ல தூங்கறாரு. உள்ள கீறவங்களுக்குப் போன் போடுங்க."

நாலு பேர்

போட்டேன். ஒரு லெவலில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. மீட்புப் படை இறங்கியது. பாறை சரிந்து வழியை அடைத்து, பின்னால் நாலு பேர் மாட்டியிருந்தார்கள். அந்த நாலு பேரின் காலி ஆணிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு வேலை ஓடவில்லை. சாயங்காலத்துக்குள் நாலு பேரும் கேஜில், அதாவது சுரங்கத்து லிப்டில், ஏறி வந்தார்கள். ஒருவனுக்குக் கால் முறிவு. மற்றவர்கள் தாங்களே நடந்து வெளியே வந்தார்கள்.

அதில் ஒருவர் கோவிந்தசாமி. விளக்கை ஜன்னலில் வைத்தார். நான் டீ குடித்துக்கொண்டு சும்மா இருந்ததைச் சொல்லிவிட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. தலையில் இருந்த கல்தூளைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "சரி, குடிச்சிட்ட. எனக்கு ஒண்ணு சொல்லு."

எழுபத்தொன்று

மறுநாளே விளக்கு அறைத் தரையில் ஒரு பேசின் தண்ணீர் வைத்தேன். சத்தம் கேட்டால் முதலில் அதைப் பார்ப்பேன், தண்ணீர் ஆடினால்தான் போன். அதற்கப்புறம் ஒரு தடவைகூட ஏமாறவில்லை. எனக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவனும் பேசினை எடுக்கவில்லை.

எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு யுத்தம். ராஜஸ்தான் பாலைவனத்தில் அதே விமானங்கள் குண்டு போடுகின்றன என்று பேச்சு வந்தது. டீக்கடை ரேடியோவைச் சுற்றி லைனே நின்றது. லீவில் வந்திருந்த செல்வராஜ் தன் தொழிற்சாலையைப் பற்றி ஆரம்பித்தான். அன்றைக்கு மார்க்கெட்டில் அவனை வளைத்தவர்களில் ஒருத்தி குறுக்கே வந்தாள்: "நீ கட்டின, சரி. எங்க கூரை மேலதான் அது பழகிச்சு."

அந்த விமானத்தைக் கட்டினவர்கள் பேரை யார் வேண்டுமானாலும் எழுதட்டும், நல்ல விமானம்தான். எங்கள் பக்கத்தில் எழுதவேண்டிய பேர், ராஜுவின் மனைவி அமராவதி.