ஆறாம் எண் வெளிச்சம்

செங்கம் ரோட்டில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் வளவனைப் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. மனைவி நந்தினி வீட்டில் லேப்டாப்பில் புத்தகங்கள் தட்டச்சு செய்துவந்தார். 2008இல் அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை வளவன் போட்டபின், திரை வெளிச்சம் குறைக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை. கண் கூசித் தலைவலி தாங்காமல் நந்தினி வேலையையே விட நினைத்தார். லேப்டாப்பைத் திறந்ததும் வெளிச்சம் தானாக நூற்றுக்குப் பத்து என்ற அளவுக்குக் குறையும்படி வளவன் கட்டளை எழுதிவைத்தார். அப்போதும் வலி போகவில்லை.

"பத்து கம்மிதானே?"

"உங்க கண்ணுக்குக் கம்மி. எனக்கு ஜாஸ்திங்க."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

வளவன் அவரை அருகில் உட்காரவைத்து, ஒவ்வொரு எண்ணாகக் குறைத்துக் கேட்டார். ஆறில் நந்தினியின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. கட்டளையில் பத்தை அழித்து ஆறு என்று மாற்றினார். மறுநாள் நந்தினி அடுத்த அத்தியாயத்தைத் தட்டத் தொடங்கினார்.