மூன்று ராஜாவும் திருச்சுழி வரிசையும்

போக்கர் என்பது ரம்மிக்குச் சித்தப்பா மகன் என்றுதான் நம்பியிருந்தேன். முப்பது வருஷமாக ரம்மி ஆடிய கைக்கு அதெல்லாம் ஒரு வித்தையா?

பெங்களூரிலிருந்து வந்திருந்த என் மனைவியின் தம்பி, பருத்திக் கொட்டையைப் பாதிப் பாதியாகப் பிரித்தான். அதுதான் பந்தயக் காசு. ஒரே ஆட்டம், தோற்றவர் மறுநாள் திருச்சுழிக்குப் போய் பட்டா மனுவோடு தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்க வேண்டும். அதே மனுவுக்காக நான் ஏற்கெனவே மூன்று முறை நின்றவன்.

ஆளுக்கு இரண்டு சீட்டு. என்னுடையவை இரண்டும் ராஜா. நடுவில் திறந்து வைத்த ஐந்தில் இன்னொரு ராஜா. பழக்க தோஷத்தில் அதை எடுக்கக் கை நீட்டினேன்.

"மச்சான், கைய எடுங்க. அது ரெண்டு பேருக்கும் பொது."

பிறகு தன் பங்குப் பருத்திக் கொட்டை முழுவதையும் நடுவில் தள்ளினான். "மொத்தத்தையும் வச்சுட்டேன். வாரீகளா, கவுத்துறீகளா? கவுத்தா ஆட்டம் எனக்கு."

ரம்மியில் கையில் சேராமல் 'ஷோ' காட்டினால் முழுப் புள்ளியும் தலையில் விழும். அதனால் எங்கள் ஊரில் யாரும் வெறுங்கையோடு இப்படி நெஞ்சை நிமிர்த்துவதில்லை. இவன் கையில் என்னவோ பெரிதாகச் சேர்ந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். மூன்று ராஜாவையும் மறந்து சீட்டைக் கவிழ்த்தேன்.

அவன் தன்னுடையதைத் திருப்பினான். ஒரு மூன்று, ஒரு ஏழு. ஜோடிகூட இல்லை; என் மூன்று ராஜாவே ஜெயித்திருக்கும்.

"அப்புறம் எதுக்கு மாப்ள அம்புட்டையும் வச்ச?"

"நீங்க பயப்படுவீகன்னுதான், மச்சான்."

மறுநாள் காலை திருச்சுழி வரிசையில் நான் பதினேழாவது ஆளாக நின்றேன்.