அண்ணன் முகத்தில் ஒரு வேட்பாளர்

தேர்தல் விளம்பரம் என்றால் சுவரில் பெயர் எழுதுவது என்றுதான் வெளியாட்கள் நினைக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஊர் சனம் தன் வீட்டு ஆள் முகமாக நினைக்கும்படி செய்வதுதான் அந்தத் தொழில். பசை வாளி தூக்கியவர்களும், வெயிலில் தட்டி கட்டியவர்களும், ஜீப்பில் தொண்டை கிழியக் கத்திவிட்டு அப்புறம் வீட்டில் சைகையில் சோறு கேட்டவர்களும் இதைப் படித்தால் நான் சொல்வதை நம்புவீர்கள். மற்றவர்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை.

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் படம் வரையும் கடை வைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மரவேலை. நான் மட்டும் உளியை விட்டுத் தூரிகையைப் பிடித்தவன். எந்தத் தேர்தல், எந்தத் தொகுதி என்று கேட்காதீர்கள். ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் சொல்கிறேன்.

முகம் பிடிபடவில்லை

தங்கராசு மானகிரிப் பக்கம் அரிசி மில் வைத்திருந்தவர். தங்கமான மனிதர். ஆனால் கடையில் உட்கார்ந்து காபி குடித்துப் பேசிவிட்டுப் போன பிறகு, அவர் முகம் எப்படி இருந்தது என்று யோசித்தால் ஞாபகம் வராது. அவரைச் சுயேச்சையாக நிற்க வைத்தது அவருடைய அண்ணன் மாணிக்கத்தின் பெயர். மாணிக்கம் எந்தப் பதவியிலும் இல்லாமலே கண்மாய்த் தகராறு தீர்த்து, கல்யாணம் கருமாதி ஒன்று விடாமல் போய் நின்று, வட்டாரத்தையே கையில் வைத்திருந்தவர். பஸ் கவிழ்ந்து இறந்துபோய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

போஸ்டருக்குத் திரும்பத் திரும்பப் போட்டோ எடுத்தோம். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் நான்தான் சொன்னேன்: "முதலாளி, அண்ணன் மாதிரி வகிடெடுங்க. மீசையையும் அவுக மாதிரி ஒதுக்கிக்கிடலாம். அந்தக் கறுப்பு பிரேம் கண்ணாடி மட்டும் இருந்துச்சுன்னா சனம் சட்டுனு அடையாளம் கண்டுக்கிரும்." தங்கராசு தயங்கினார். "அது அண்ணன் கண்ணாடிங்க, ஆர்ட்டிஸ்டு. மதினி தரணுமே" என்றார்.

மதினி, அதாவது மாணிக்கத்தின் மனைவி, அதே வீட்டில்தான் இருந்தார். நாங்கள் கேட்டதும் மறுபேச்சில்லாமல் உள்ளே போய், துணியில் சுற்றி வைத்திருந்த கண்ணாடியை எடுத்து வந்தார். கொழுந்தனாரிடம் நீட்டவில்லை. என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஓட்டு எண்ணி முடிஞ்ச அன்னைக்கே கொண்டாந்து குடுத்துருங்க. அவுக கண்ணாடி இல்லாம ரொம்ப நாள் இருக்க மாட்டாக."

சின்னம் விளக்கு

எங்களுக்குக் கிடைத்த சின்னம் விளக்கு. வரையச் சுலபம் என்று சந்தோஷப்பட்டேன். மானகிரியில் ரோட்டோரச் சுவருக்கு வெள்ளையடித்து, அண்ணன் வகிடு, மீசை, கண்ணாடியோடு பெரிதாகத் தங்கராசின் முகத்தை வரைந்து, அதற்குக் கீழே எரிகிற விளக்கை வரைந்து முடித்தேன். மேலே முகம், கீழே விளக்கு. நம் வீடுகளில் யார் படத்துக்கு அப்படி விளக்கு வைப்போம் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை அந்தப் பக்கம் அவரை அழைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்கப் போனேன். சுவரடியில் நிஜமாகவே ஓர் அகல் எரிந்துகொண்டிருந்தது. செவ்வந்திப் பூ, உரித்த வாழைப்பழம், சூடம் எரிந்த கரி எல்லாம் இருந்தன. வயலுக்குப் போகிற பெண் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். "ஆத்தா, இது ஓட்டுக்காக வரைஞ்ச படம்" என்றேன். அவள் திரும்பிப் படத்தைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் நின்ற தங்கராசைப் பார்த்தாள். அலறியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் அலறவில்லை. கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே, தெரிந்தவரை விசாரிக்கிற மாதிரி அவரிடம் கேட்டாள்: "நேத்துத்தேன் விளக்கு வச்சேன். அதுக்குள்ள வந்துட்டீகளே?"

வலையபட்டி ஆச்சி

வலையபட்டியில் ஒரு பெரிய வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அத்தனை பெரிய வீட்டில் ஓர் ஆச்சி மட்டும் இருந்தார்கள். அவர்கள் சொன்னால் அந்தத் தெருவே கேட்கும் என்பதால் நேரில் பார்க்கப் போனோம். "நான் இந்த வீட்டுக்குள்ள காலே வச்சதில்ல, நீங்கதேன் பேசணும்" என்று ஜீப்பில் வரும்போதே தங்கராசு என்னிடம் சொல்லியிருந்தார்.

உள்ளே போனதும் ஆச்சி, "வாப்பா மாணிக்கம்" என்றார்கள். நான் திருத்தப் போனேன். தங்கராசு என்னை முந்திக்கொண்டார். "ஆச்சி, ரெண்டாங்கட்டுல மேற்குப் பக்கம் மழைத்தண்ணி ஒழுகுச்சே, ஓடு மாத்தினீகளா?" என்று கேட்டார். "நீ அனுப்பின ஆளு அப்பவே மாத்திட்டானே. இப்பச் சொட்டுத் தண்ணி இல்லை" என்று ஆச்சி சாதாரணமாகச் சொல்லிவிட்டு, தெரு ஓட்டு முழுக்க விளக்குக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தார்கள்.

நான் பேச வேண்டிய வேலையே இல்லாமல் காரியம் முடிந்தது. வெளியே வந்து ஜீப்பில் ஏறியதும் பார்த்தேன். தங்கராசின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஒழுகல் விஷயம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அண்ணன் எப்பவாச்சும் சொல்லியிருப்பாரு. சொல்லியிருப்பாருல்ல, ஆர்ட்டிஸ்டு?"

மைக் செட்

திருக்கோஷ்டியூரில் சாயங்காலக் கூட்டம். மைக் செட் போட்டவர் காசிம் பாய். மாணிக்கம் பேசிய கூட்டங்களுக்கெல்லாம் அவர்தான் செட் போட்டவர். மாணிக்கத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. மைக்கை ஊதிப் பார்க்க மாட்டார். மோதிர விரலால் ஒரு தட்டுத் தட்டி, "கடைசியில நிக்கிறவுகளுக்குக் கேக்குதா?" என்று இழுத்துக் கேட்பார். தங்கராசு அதுவரை போன கூட்டங்களில் எல்லாம், நான் எழுதிக் கொடுத்ததைத் தலை நிமிராமல் படித்துவிட்டு இறங்கியவர்.

அன்று மேடையேறியதும் தாளை மடித்துப் பையில் வைத்தார். மைக்கில் ஒரு தட்டு. "கடைசியில நிக்கிறவுகளுக்குக் கேக்குதா?" அதே இழுப்பு. கடலை விற்கிறவன்கூடச் சத்தத்தை நிறுத்திவிட்டான். கூட்டத்தின் கடைசியிலிருந்து, "கேக்குது மாணிக்கம்!" என்று ஒரு குரல் வந்தது. தங்கராசு ஓரடி பின்னால் போய், வேறு யாரோ பேசியதைக் கேட்டவர் மாதிரி மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய் செட்டில் என்ன கோளாறு என்று காசிம் பாயைக் கேட்டேன். அவர் வயரை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செட்டுல ஒரு கோளாறும் இல்ல. அவுக வாய் அசையறதுக்கு முன்னாடியே குழாயில சத்தம் வந்துருச்சு."

எழுந்து நின்றவர்

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் மத்தியானம் தங்கராசை வீட்டில் விடப் போனேன். மதினி உள்வாசலில் மிளகாய் வற்றல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். ஜீப் சத்தத்துக்கு நிமிர்ந்தவர், படியேறி வந்தவரைப் பார்த்ததும் மடியிலிருந்த வற்றல் சிதற எழுந்தார். நேராக வந்து அவர் தோளிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டார். தங்கராசும் பழக்கப்பட்டவர் மாதிரி தோளைச் சாய்த்துக் கொடுத்தார்.

அடுத்த நொடி இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது. தங்கராசு தலையைக் குனிந்துகொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார். அந்த அம்மா கையிலிருந்த துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அழவில்லை. என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "ஊருக்கு எப்படி வேணும்னாலும் காட்டிக்கங்க. வீட்டுக்கு மட்டும் அவரை அவராவே அனுப்பி வைங்க."

நன்றி சொல்லப் போனோம்

ஜெயித்துவிட்டோம். மாலை போட்டவர்கள் எல்லாம், "மாணிக்கம் வாழ்க" என்றுதான் கத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் தங்கராசு பின்னால் திரும்பிப் பார்த்தார். அன்றே கண்ணாடியை மதினியிடம் கொடுத்துவிட்டு, நேராக சலூனுக்குப் போய் மீசையை மழித்துக்கொண்டு வந்தார். வகிட்டையும் மாற்றிவிட்டார். நிலைக்கண்ணாடியில் தன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துச் சிரித்தார். இத்தனை நாள் பழகியும் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நன்றி சொல்ல ஊர் ஊராகப் போனோம். ஜீப் நின்றதும் மாலையோடு ஓடி வந்தவர்கள், முன்சீட்டில் இருந்த தங்கராசைத் தாண்டிப் பின்சீட்டை எட்டிப் பார்த்தார்கள். அவர் இறங்கிக் கும்பிட்டு, "நான்தான் தங்கராசு. உங்க ஓட்டுல ஜெயிச்சவன்" என்றார். ஒரு விவசாயி மரியாதையாகத்தான் பதில் கும்பிடு போட்டார். மாலையை மட்டும் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு ரோட்டின் கடைசிவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்: "சரிங்க தம்பி, சந்தோசம். நாங்க ஓட்டுப் போட்டவுக எப்ப வாராக?"

தங்கராசு பதவிக்காலம் முழுக்க ஒழுங்காக வேலை பார்த்தார், பாலம் கட்டினார், கண்மாய் வெட்டினார். எல்லாவற்றுக்கும் சனங்கள் மாணிக்கத்துக்கு நன்றி சொன்னார்கள். அதன் பிறகு அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. எழுபதுகளில் நானும் சினிமா பேனருக்குப் போய்விட்டேன். என் விளம்பரத்தில் ஒரு வேட்பாளரும் தோற்றதில்லை என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், ஜெயித்தது யார் என்று மட்டும் யாரும் கேட்காமல் இருந்தால்.